நஃப்ஸும் ஃப்ராய்டின் ‘இட்’டும் ஒன்றல்ல



அண்மைக் காலமாக நம் பயான் மேடைகளிலும் குழந்தை வளர்ப்புப் பயிலரங்குகளிலும் ஒரு சமன்பாடு உலவி வருகிறது. சிக்மண்ட் ஃப்ராய்ட் என்னும் மேலை அறிஞர் மனித ஆளுமையை இட், ஈகோ, சூப்பர் ஈகோ என மூன்றாகப் பகுத்தாராம். அம்மூன்றும் முறையே திருக்குர்ஆன் கூறும் நஃப்ஸுல் அம்மாரா, நஃப்ஸுல் லவ்வாமா, நஃப்ஸுல் முத்மயின்னா ஆகியவையேயாம். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நமக்கு அறிவிக்கப்பட்டதை அவர் காலந்தாழ்த்திக் கண்டுகொண்டாராம். கேட்போர் ‘சுப்ஹானல்லாஹ்’ என்று வியக்கின்றனர். மூன்றுக்கு மூன்று பொருந்திவிட்டது என்பதைத் தவிர இதில் வேறு ஆதாரம் ஒன்றுமில்லை.

ஃப்ராய்ட் 1856இல் பிறந்து வியன்னாவில் மருத்துவராக வாழ்ந்தவர். இந்த முப்பகுப்பை அவர் 1923ஆம் ஆண்டு நூலில்தான் வகுத்துரைத்தார். ஜெர்மன் மொழியில் அவர் பயன்படுத்தியவை மிக எளிய சொற்கள்: ‘அது’, ‘நான்’, ‘மேல் நான்’. ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களே அவற்றுக்கு லத்தீன் உடை அணிவித்தனர். அரபு மொழிபெயர்ப்பாளர்களோ அல்-ஹுவ, அல்-அனா, அல்-அனா அல்-அஃலா என்று சொல்லுக்குச் சொல்லாகவே பெயர்த்தனர். நஃப்ஸுல் அம்மாரா என்னும் சொல் அவர்களுக்குத் தெரியாதா? குர்ஆனின் மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கைவைக்காத சொல்லை, நம் பேச்சாளர்கள் எவ்வளவு எளிதாக எடுத்து ஒட்டிவிடுகின்றனர்!

ஃப்ராய்டின் ‘இட்’ பிறவியிலேயே உள்ளது. நன்மை தீமை அறியாதது. இன்பத்தை மட்டுமே நாடுவது. புற உலகோடு மோதும்போது அதிலிருந்து ‘ஈகோ’ உருவாகிறது. இச்சையையும், உலகின் கட்டாயத்தையும், மனச்சாட்சியின் கண்டிப்பையும் ஒருங்கே சமாளிக்க வேண்டிய பரிதாபமான நடுவர் அது. மரணம் வரை இப்போர் ஓய்வதில்லை. நம் அறிஞர்கள் கூறுவது வேறு. நஃப்ஸ் ஒன்றே, அம்மாராவும் லவ்வாமாவும் முத்மயின்னாவும் அந்த ஒரே ஆன்மாவின் நிலைகள் என்று இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) விளக்குகிறார்கள். நிலை மாறும், உயரும், தாழும். இங்கே பயணம் உண்டு. போய்ச் சேரும் இடமும் உண்டு. அங்கே இருப்பவை ஒரே வீட்டில் என்றென்றும் சண்டையிடும் மூன்று குடித்தனங்கள்.

இனி சூப்பர் ஈகோவுக்கு வருவோம். மேடைகளில் தவறாமல் விடுபட்டுப் போகும் பகுதி இதுதான். ஃப்ராய்டின் கொள்கைப்படி குழந்தை வாய்ப் பருவம், குதப் பருவம், குறிப் பருவம் என்று கடந்து வளர்கிறது. மூன்று வயதுக்கும் ஐந்தாறு வயதுக்கும் இடைப்பட்ட மூன்றாம் பருவத்தில் ஆண் குழந்தை தாயின் மீது உரிமை வேட்கை கொள்கிறான். தந்தையைப் போட்டியாளனாகக் கண்டு வெறுக்கிறான். தந்தை தன்னை ஊனப்படுத்திவிடுவார் என்று அஞ்சி அந்த வேட்கையைக் கைவிடுகிறான். இதற்கு ஈடிபஸ் சிக்கல் என்று பெயர். அந்த அச்சத்தில் தந்தையின் அதட்டலை உள்வாங்கிக் கொள்வதால் பிறப்பதே சூப்பர் ஈகோ. இதையா முத்மயின்னா என்கிறீர்கள்? தன் இறைவனிடம் நிறைவுடன் திரும்பி வருமாறு அழைக்கப்படும் அமைதியுற்ற ஆன்மா, தந்தையிடம் கொண்ட கிலியில் பிறந்ததா? ஃப்ராய்டின் சூப்பர் ஈகோவுக்கு அமைதியும் தெரியாது. கடும் மனச்சோர்வில் அது கொடுங்கோலனாகி மனிதனை வதைக்கிறது என்று அவரே எழுதினார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெண்களிடம் இந்த அச்சம் அவ்வாறு செயல்படாததால் அவர்களின் சூப்பர் ஈகோ ஆண்களுடையதைப் போல் உறுதி பெறுவதில்லை என்று 1925ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் ஃப்ராய்ட் வாதிட்டார். கேரன் ஹார்னி முதலான அவர் வழிவந்த மருத்துவர்களே பெண்களைப் பற்றிய அவர் கருத்துகளை மறுத்துரைத்தனர். சூப்பர் ஈகோதான் முத்மயின்னா என்றால், பெண்களுக்கு அந்நிலை முழுமையாகக் கிட்டாது என்றாகும். நம்பிக்கையாளர்கள் அனைவருக்கும் முன்மாதிரியாக ஸூரத்துத் தஹ்ரீம் எடுத்துரைப்பதோ ஃபிர்அவ்னின் மனைவியையும் மர்யம் (அலை) அவர்களையும்! ஒப்பிடுவோர் இரு பக்கத்தையும் படித்துவிட்டு ஒப்பிட வேண்டாமா?

குதிரையும் சவாரியும் என்ற உவமையைக் காட்டி, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) கூறியதையே ஃப்ராய்டும் கூறினார் என்பாரும் உளர். கிரேக்கத்தின் பிளேட்டோவும் தேரோட்டியையும் குதிரைகளையும் வைத்தே ஆன்மாவைப் பேசினார். உவமை ஒன்றானால் கொள்கையும் ஒன்றாகிவிடுமா?

இது ஏட்டுச் சர்ச்சையாக நின்றிருந்தால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். எங்கள் மத்ரஸாவில் ஓதும் மாணவன் ஒருவனின் தாயார் சென்ற ஆண்டு என்னிடம் வந்தார். பதினொரு வயதுப் பையன் உளூச் செய்யத் தொடங்கினால் அரை மணி நேரம் எழுவதில்லை. கை கழுவிக் கழுவித் தோல் வெடித்துவிட்டது. தொழுகையில் தக்பீரை மீண்டும் மீண்டும் கூறி அழுகிறான். அத்தாயார் முன்னதாக ஒரு பேச்சாளரிடம் ஆலோசனை கேட்டிருக்கிறார். அவனுள் ‘இட்’ என்னும் அம்மாரா மேலோங்கிவிட்டது, கண்டிப்பைக் கூட்டினால் சூப்பர் ஈகோ வலுப்பெறும் என்று அவர் கூறினாராம். வீட்டில் கண்டிப்புக் கூடியது, கழுவுதலும் கூடியது. பருவம் எய்தாத, எழுதுகோல் உயர்த்தப்பட்ட ஒரு குழந்தை, தன்னுள் தீய ஆன்மா குடியிருப்பதாக நம்பத் தொடங்கிவிட்டான்.

அது எண்ணச் சுழற்சி நோய். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்றேன். கழுவத் தூண்டும் எண்ணம் வந்தும் கழுவாதிருக்கப் படிப்படியாகப் பழக்குவதும், தேவைப்படின் மருந்தும் இன்று அதற்குரிய சிகிச்சை. உளூவில் ஊசலாட்டம் உடையவர் அதைப் பொருட்படுத்தாமல் எழுந்துவிட வேண்டும் என்பதும், ஐயத்தால் உறுதி நீங்காது என்பதும் ஃபிக்ஹு நூல்களில் உள்ளவை. ‘பார்த்தீர்களா, நாங்கள் அன்றே சொன்னோம்’ என்று இங்கே எனக்கும் கூறத் தோன்றுகிறது, கூறமாட்டேன். ஃபகீஹ்கள் வணக்கத்தை இலகுவாக்கச் சட்டம் சொன்னார்கள், மருத்துவர் நோய்க்கு மருந்து சொல்கிறார். அந்த மருத்துவர் சூப்பர் ஈகோவைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

ஃப்ராய்டோ 1907இலேயே இத்தகைய நோயாளிகளின் செய்கைகளையும் மதச் சடங்குகளையும் அருகருகே வைத்து, இரண்டும் ஓரினம் என்று எழுதியவர். 1927இல் மதத்தையே ஒரு மாயை என்றவர். அவருடைய அட்டவணையை மிம்பரில் ஏற்றுவோர், பின்னாலேயே இதுவும் ஏறி வரும் என்பதை அறிவார்களா?

ஆகவே அவரைத் தொடவே கூடாது என்போர் மறுகோடி. ‘அவர் யூதர்’ என்பதோடு அவர்களின் வாதம் முடிந்துவிடுகிறது. அது வாதமன்று. ஒருவர் சொன்னதைச் சொன்னதாக எடுத்துரைத்த பின்னரே மறுக்க வேண்டும். அவரது அடித்தளத்தின் பலவீனத்தை அறிய இனம் பார்க்க வேண்டியதில்லை. 1909இல் வெளியான, குதிரைக்கு அஞ்சிய ஐந்து வயதுச் சிறுவனின் வரலாறு ஈடிபஸ் கொள்கைக்குப் பெரும் சான்றாகக் காட்டப்பட்டது. அச்சிகிச்சையின்போது ஃப்ராய்ட் அவனை ஒரே ஒரு முறைதான் பார்த்தார். மற்றவை தந்தை எழுதி அனுப்பிய குறிப்புகள். வண்டிக் குதிரை ஒன்று விழுந்ததை அவன் கண்ணால் கண்டிருந்தான். இருந்தும் அஞ்சியது தந்தைக்கே என்று பொருள் கொள்ளப்பட்டது. ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் பிள்ளைகளைக் கண்டிக்கும் உரிமை தந்தைக்கன்று, தாய்மாமனுக்கே என்பதைக் காட்டி, இச்சிக்கல் எல்லா மக்களுக்கும் பொதுவானதன்று என 1927இல் மாலினோவ்ஸ்கி எழுதினார்.

அதே மரபிலிருந்து எரிக் எரிக்சன் 1950இல் வளர்ச்சியை எட்டுக் கட்டங்களாக்கி, முதல் கட்டத்தில் குழந்தை கற்பது நம்பிக்கையா அவநம்பிக்கையா என்று கேட்டார். ஜான் பௌல்பி தாய்-சேய் பிணைப்பை ஆராய்ந்தார். இவற்றைப் பெற்றோர் படிக்கலாம். குர்ஆன் வசனத்தை ஒட்டாமலே படிக்கலாம். தம் பிள்ளைகள் பத்துப் பேரில் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்ற அக்ரஃ இப்னு ஹாபிஸுக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த பதில் நமக்குத் தெரியும். அதை ஏற்க வியன்னாவின் முத்திரை நமக்கு எதற்கு?

அடுத்த பயானில் எவரேனும் இச்சமன்பாட்டைக் கூறினால், அவரை அவமதியாமல், தொழுகை முடிந்த பின் அருகில் சென்று கேளுங்கள்: ‘ஹஜ்ரத், ஈடிபஸ் சிக்கலைப் பற்றியும் சற்று விளக்குங்களேன்.’