படகில் ஒரு குக்கர் சோறு

ஆவூர் வீட்டில் கரன்ட் போனால் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக்கொள்ளலாம். அதே புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரக் கோட்டைப்பட்டினத்திலிருந்து கிளம்பும் படகில், மின்சாரத்தில் சமைக்க நினைத்தால் பேட்டரிதான் கதி. சமையலே அதைத் தீர்த்துவிட்டால் விளக்குக்கும் ஜி.பி.எஸ். கருவிக்கும் என்ன செய்வது?

12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது 1.2 யூனிட் மின்சாரம். லெட் ஆசிட் வகை என்றால், பேட்டரி சீக்கிரம் கெடாமலிருக்க அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கவே இண்டக்‌ஷன் அடுப்பில் சுமார் 0.1 யூனிட் ஆகிவிடும். இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

சிக்கனத்துக்கு வழி இருக்கிறது. அரிசியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீரை அளந்து விடுங்கள். வடித்துக் கொட்டும் கஞ்சியோடு சூடும் போய்விடும். குக்கரில் ஒரு விசில் வந்ததும் அடுப்பை அணைத்து, குக்கரைக் கனமான துணியால் சுற்றி, மூடிய பெட்டிக்குள் அரை மணி நேரம் வையுங்கள். உள்ளே இருக்கும் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். ஆவி அடங்கிய பிறகு திறங்கள்.

படகில் பேட்டரியை மிச்சப்படுத்தும் இதே வழி, ஆவூர் அடுப்படியில் கேஸையும் மிச்சப்படுத்தும்.