பூனைக்கும் இன்ஷியூரன்ஸ்!

பூனைக்கு இன்ஷியூரன்ஸ் என்றால் பழவேற்காட்டு மீனவர் நகைக்கக்கூடும். ஆயினும் அதன் தத்துவத்தை அவர்கள் நமக்கே போதிக்க வல்லவர்கள். ஏரியில் மீன் மிகுந்த இடமும் உண்டு, அற்ற இடமும் உண்டு. உரிமையுள்ளோர் முறைவைத்து இடம் மாறி வலையிடுவதே ‘பாடு’ முறை. ஒருவர் நஷ்டத்தைப் பலர் தாங்குவதுதானே இன்ஷியூரன்ஸ்?

இன்று நம் தேசத்துக் கம்பெனிகள் சில பூனைக்கும் பாலிஸி தருகின்றன. வாங்குவோர் பிரீமியத்தை மட்டும் பார்த்தல் போதாது. எதற்குப் பணம் கிடையாது என்பதையே முதலில் வாசிக்கவேண்டும். முன்பே கண்ட வியாதிக்குப் பெரும்பாலும் கிடையாது. தொடக்கத்தில் சில நாள் காத்திருக்கவும் நேரும். தடுப்பூசி போடாத பூனைக்கு அவ்வூசியால் தடுத்திருக்கக்கூடிய நோய் வந்தால் கையை விரித்துவிடலாம். வெறிநோயோ கண்டபின் எந்தப் பாலிஸியாலும் மீளாது. ஊசி ஒன்றே காப்பு.

இன்னொன்றும் சொல்வோம். 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், மீனவர் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் கிடைக்க வகை செய்யப்பட்டது. பிரீமியம் முழுவதும் அரசாங்கத்தின் பொறுப்பு. படகேறுபவர் பெயர் பதிவாகாத வீட்டில் பூனைக்குப் பாலிஸி எதற்கு? நம் வீடுகளுக்கும் இதுவே வரிசை: முதலில் சம்பாதிப்பவர், அடுத்துப் பூனைக்கு ஊசி, பிறகே பாலிஸி.