விடுதிக் கதவுக்குப் பின்னால் நடப்பது பெற்றோருக்குத் தெரிய வேண்டும்

கோவை பீளமேட்டில் உள்ள பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் விடுதியில், 2023 நவம்பரில், 18 வயது இளைய மாணவர் ஒருவரிடம் மூத்த மாணவர்கள் சிலர் மது குடிக்கப் பணம் கேட்டார்கள். அவர் தர மறுத்தார். அறைக்குள் அடைத்து வைத்து அடித்தார்கள், தலையை மொட்டையடித்தார்கள் என்பது புகார். விஷயம் தெரிந்ததும் பெற்றோர் காவல் நிலையம் போனார்கள். ஏழு மாணவர்கள் கைதானார்கள். கல்லூரி அவர்களை இடைநீக்கம் செய்தது.

1951இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. கொங்கு மண்டலத்தில் ஒரு பிள்ளைக்கு அங்கே இடம் கிடைத்துவிட்டால், சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டுச் சொல்வார்கள். விதிமுறை, வார்டன், ராகிங் தடுப்புக் குழு எல்லாம் இருக்கும் பெரிய நிறுவனத்திலேயே இப்படி ஒரு புகார் எழுந்தது. அது வெளியே தெரிந்ததற்குக் காரணம், அந்த மாணவர் வீட்டில் சொன்னார், வீட்டார் தயங்காமல் போலீசிடம் போனார்கள் என்பதுதான். சொல்லாத பிள்ளைகளும் போகாத பெற்றோரும் எத்தனை பேர் என்பதை அறிய இன்றைக்கு எந்த வழியும் இல்லை. அந்த வழியை உண்டாக்குவதுதான் ராகிங்கை ஒழிப்பதற்கான முதல் வேலை.

சட்டத்துக்குக் குறைவில்லை. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் பொன்னுசாமியின் மகன் அவர். தமிழ்நாடே உறைந்துபோன அந்தக் கொலைக்குப் பிறகுதான் ராகிங் தடைச் சட்டம் 1997இல் வந்தது. இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். குற்றம் உறுதியானால் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார், வேறெந்தக் கல்லூரியிலும் சேர முடியாது. நாவரசு வழக்கோ 2001இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலையில் முடிந்து, 2011 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. மகனைப் பறிகொடுத்த குடும்பம் அந்த இறுதித் தீர்ப்புக்காகப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

அந்தச் சட்டம் எதையெல்லாம் ராகிங் என்கிறது என்பதை ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். அடிப்பது, காயப்படுத்துவது மட்டும் அல்ல. கிண்டல் செய்வது, வசைபாடுவது, ஒரு மாணவர் இயல்பாக விரும்பிச் செய்யாத எதையும் செய்யச் சொல்வதும் அதில் அடங்கும். தலையைக் குனிந்து நில், சட்டைப் பட்டனைப் பார்த்துப் பேசு, மெஸ்ஸிலிருந்து தட்டை எடுத்து வா, என் அசைன்மென்ட்டை எழுதிக்கொடு: விடுதிகளில் ‘சும்மா’ என்று சொல்லப்படுகிற இவை எல்லாமே குற்றம்தான்.

தேசிய அளவிலும் விதிகள் உண்டு. சி.பி.ஐ. முன்னாள் இயக்குநர் ஆர்.கே.ராகவன் தலைமையிலான குழு, உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி ஆராய்ந்து 2007இல் அறிக்கை தந்தது. 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் மூத்த மாணவர்களின் தாக்குதலில் இறந்தார். அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு கடுமையான விதிமுறைகளைக் கொண்டுவந்தது. புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். ஆறு புதிய மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி மாணவர் இருக்க வேண்டும். முதல் மூன்று மாதங்களுக்கு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, புதியவர்களிடம் பெயர் கேட்காமல் கருத்துக்கணிப்பு எடுக்க வேண்டும். ஆண்டுதோறும் மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும்.

உறுதிமொழிப் பத்திரம் எல்லாக் கல்லூரிகளிலும் வாங்கப்படுகிறது. சேர்க்கை நாளில் நீட்டப்படும் கத்தைக் காகிதங்களில் அதுவும் ஒன்றாக, படிக்கப்படாமலேயே கையெழுத்தாகிறது. நுழைவாயிலில் ‘ராகிங் தண்டனைக்குரிய குற்றம்’ என்ற பலகையும் தவறாமல் நிற்கிறது. பதினைந்து நாளுக்கொரு கருத்துக்கணிப்பு நடக்கிறதா என்று உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். அப்படி ஒன்று விதியில் இருப்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது.

கொங்கு வட்டாரத்துப் பிள்ளைகளின் நிலையைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கே ஏராளமானோர் பிளஸ் டூ வரை நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்கள். விடியற்காலை எழுப்பி உட்கார வைத்து, இரவு வரை மதிப்பெண்ணுக்காகவே பழக்கப்பட்டவர்கள். கேள்வி கேட்காமல் சொன்னதைச் செய்வதே அங்கே ஒழுக்கம். அப்படி வளர்ந்த பதினேழு வயதுப் பையன் கோவையிலோ பெருந்துறையிலோ சத்தியமங்கலத்திலோ கல்லூரி விடுதிக்கு வருகிறான். சீனியர் ஒருவர் ‘எந்திரிச்சு நில்லுடா’ என்றால், எழுந்து நிற்கத்தான் அவனுக்குத் தெரியும். முடியாது என்று சொல்லிப் பழகியதே இல்லை.

வீட்டுக்குப் போன் செய்கிறான். தறி ஓட்டியோ தோட்டம் பார்த்தோ கடன் வாங்கியோ கட்டணம் கட்டிய வீடு அது. ‘கொஞ்ச நாள் பொறுத்துக்க சாமி, எல்லாம் சரியாப் போயிரும்’ என்கிறாள் அம்மா. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. புகார் கொடுத்தால் பையன் நாலு வருடமும் அதே விடுதியில், அதே முகங்களுக்கு நடுவில் இருக்க வேண்டும். அசல் சான்றிதழ்கள் கல்லூரி வசம் இருக்கின்றன. வேறு கல்லூரிக்கு மாற்றினால் கட்டிய பணம் திரும்புமா என்பது தெரியாது. இத்தனையையும் ஒரு நொடியில் கணக்குப் போட்டுத்தான் அவள் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறாள். மூத்த மாணவர்களும் இந்தக் கணக்கை அறிந்தே கை வைக்கிறார்கள்.

இந்த மௌனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வாளையாறு தாண்டிக் கேரளத்துக்குள் போனால் உதாரணங்கள் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் வயநாடு பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர் சித்தார்த்தன் விடுதிக் குளியலறையில் இறந்துகிடந்தார். அதற்கு முன் சக மாணவர்கள் அவரை நாள்கணக்கில் அடித்துச் சித்திரவதை செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு; வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் மாணவர் அமைப்பின் நிர்வாகிகளும் இருந்தார்கள். விடுதி நிறையப் பேர் இருந்தும் உரிய நேரத்தில் ஒரு குரல்கூட வெளியே வரவில்லை.

கோட்டயம் அரசு செவிலியர் கல்லூரியில் 2025 பிப்ரவரியில் மூன்றாமாண்டு மாணவர்கள் ஐந்து பேர் கைதானார்கள். முதலாமாண்டு மாணவர்களைக் கட்டிலில் கட்டிப்போட்டு, காம்பஸ் முனையால் உடம்பில் குத்தி, அதைக் கைப்பேசியில் படமும் பிடித்திருந்தார்கள் என்பது வழக்கு. இது 2024 நவம்பரிலேயே தொடங்கிவிட்டது. கைதானவர்களில் ஒருவர் செவிலிய மாணவர் சங்கத்தின் மாநிலப் பொறுப்பில் இருந்தவர். இளைய மாணவர் புகார் சொல்லப் போகவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தவரே குற்றவாளிக் கூண்டுக்கு வந்தார். கல்லூரி முதல்வரும் விடுதிப் பொறுப்பில் இருந்த உதவிப் பேராசிரியரும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். மூன்று மாதம் அந்த அறையில் நடந்ததை விடுதிப் பொறுப்பாளர்கள் அறியவில்லை என்றால் அவர்கள் பணி என்ன?

ராகிங்கை நியாயப்படுத்துவோர் சொல்லும் வாதம் ஒன்று எல்லாத் தலைமுறையிலும் மாறாமல் வருகிறது: ‘எங்களையும் ராகிங் பண்ணாங்க. அதுல தான் நட்பு உண்டாச்சு.’ இதை உளவியல் எப்போதோ சோதித்துப் பார்த்துவிட்டது. 1959இல் எலியட் ஆரன்சனும் ஜட்சன் மில்சும் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு குழுவில் சேரக் கடுமையான சங்கடத்தைத் தாண்டிவர வேண்டியிருந்த மாணவிகள், சலிப்பூட்டும் அந்தக் குழு உரையாடலை மிகச் சுவையானது என்றார்கள். எளிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது அப்படித் தோன்றவில்லை. பட்ட பாடு வீண் என்று ஏற்க மனசு மறுக்கிறது. அதற்கொரு பெருமையைச் சூட்டிக்கொள்கிறது. அடுத்த ஆண்டு அதே பாட்டை இன்னொருவருக்குத் தருவதும் அந்தப் பெருமையைக் காப்பாற்றத்தான். நட்பு வளர ஒரே அறையும் ஒரே மெஸ்ஸும் ஒரே தேர்வுப் பயமும் போதும். அவமானம் அதற்குத் தேவையே இல்லை.

‘அடிக்கல, தோப்புக்கரணம் போடச் சொன்னோம், அவ்வளவுதான்’ என்பார்கள் சிலர். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கு வந்த தமிழ் மாணவர் வரப்பிரகாஷ், 1997இல் மூத்த மாணவர்கள் கட்டாயப்படுத்திச் செய்யவைத்த உடற்பயிற்சிகளுக்குப் பிறகு சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். பழக்கமில்லாத உடம்பை அளவுமீறி வருத்தினால் தசைகள் சிதைந்து, அந்தச் சிதைவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். ஒரு அடியும் விழாமலே உயிர் போகலாம். அந்த மரணத்துக்குப் பிறகு இலங்கை 1998இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது.

கல்லூரி நிர்வாகங்களின் தரப்புக்கு வருவோம். அவினாசி சாலையிலும் காந்திபுரத்திலும் வரிசைகட்டி நிற்கும் விளம்பரப் பலகைகள் எதைச் சொல்கின்றன? எத்தனை பேருக்கு வேலை, எத்தனை லட்சம் சம்பளம், தரவரிசையில் எந்த இடம். ராகிங் புகார் வெளியே தெரிந்தால் அடுத்த ஆண்டுச் சேர்க்கை பாதிக்கும் என்ற பயம் நிர்வாகத்துக்கு உண்டு. அதனால் இரு வீட்டாரையும் அழைத்து, ‘பசங்க எதிர்காலம்’ என்று பேசி, மன்னிப்புக் கடிதம் வாங்கி, விஷயத்தை அங்கேயே முடித்துவிடுவது சுலபமாகிறது. பிறகு ‘எங்கள் வளாகத்தில் புகாரே இல்லை’ என்று மார்தட்டலாம்.

புகார் இல்லாதது நல்ல நிலைமைக்கு அடையாளம் என்று பெற்றோரும் நம்பிவிடுகிறார்கள். 2022 அக்டோபரில் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி விடுதியில் இளைய மாணவர்களை உள்ளாடையோடு வலம்வர வைத்த காணொளி பின்னர் வெளியானது. பெயர் போடாத புகார் ஒன்றுதான் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஏழு மூத்த மாணவர்கள் இடைநீக்கம் ஆனார்கள். நாட்டின் தலைசிறந்த மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றிலும் ஒரு மாணவருக்குத் தன் பெயரை எழுதத் துணிவு வரவில்லை. பெயர் கேட்காத கருத்துக்கணிப்பு ஏன் தேவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கல்வி வளாக வன்முறைக்கு எதிராகச் செயல்படும் ஒரு தன்னார்வ அமைப்பு 2025இல் வெளியிட்ட அறிக்கை, 2022 முதல் 2024 வரை ராகிங் தொடர்பான மரணங்கள் 51 என்கிறது. தேசிய உதவி எண்ணுக்கு அந்த மூன்றாண்டுகளில் 1,946 கல்லூரிகளிலிருந்து 3,156 புகார்கள் போயிருக்கின்றன. அந்த 1,946 கல்லூரிகளில் கோவையைச் சேர்ந்தவை எவை? பெற்றோர் சுலபமாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் இடத்தில் அந்தத் தகவல் இல்லை.

அமெரிக்காவில் இதே பிரச்சினை மாணவர் சங்கங்களின் ‘சேர்க்கைச் சடங்கு’ என்ற பெயரில் நடக்கிறது. 2017இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர் டிமத்தி பியாட்சா, ஒரு மாணவர் சங்கத்தின் சேர்க்கை இரவில் அளவுமீறிக் குடிக்கவைக்கப்பட்டு, படியில் உருண்டு விழுந்து இறந்தார். உடன் இருந்தவர்கள் பல மணி நேரம் ஆம்புலன்சை அழைக்கவில்லை. இப்படிப் பிள்ளைகளை இழந்த பெற்றோரின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் அங்கே தேசிய அளவில் ஒரு சட்டம் வந்தது. எந்த மாணவர் அமைப்பு விதி மீறியது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதைக் கல்லூரி தன் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டாக வேண்டும்.

தமிழ்நாடும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுக்கு எத்தனை புகார் வந்தது, எத்தனை நாளில் விசாரணை முடிந்தது, எத்தனை காவல்துறைக்குப் போனது, என்ன தண்டனை தரப்பட்டது என்ற விவரங்களை மாணவர் பெயர் இல்லாமல் இணையதளத்தில் போட வேண்டும். பெயர் கேட்காத கருத்துக்கணிப்பின் முடிவும் கூடவே வர வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், வேலைவாய்ப்புக் கணக்குக்குப் பக்கத்திலேயே இதையும் பார்க்கட்டும். ஐந்து புகாரை ஏற்று ஐந்திலும் நடவடிக்கை எடுத்த கல்லூரியில் பிள்ளையைத் துணிந்து சேர்க்கலாம். ஒரு புகாரும் இல்லை என்று எழுதிவிட்டு, கருத்துக்கணிப்பில் மாணவர்கள் பயத்தோடு இருப்பதாகத் தெரியவரும் கல்லூரியைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

‘இது கல்லூரிகளின் பெயரைக் கெடுக்கும், பொய்ப் புகார் பெருகும்’ என்ற ஆட்சேபம் வரும். பொய்ப் புகார்கள் விசாரணையில் உதிரும். அந்த எண்ணிக்கையையும் சேர்த்தே வெளியிடலாம். ஒளிவுமறைவு நிர்வாகத்துக்கு வேண்டுமானால் சில காலம் பயன்படும். பூக்கோட்டிலும் கோட்டயத்திலும் உண்மை கடைசியில் வெளியே வரத்தான் செய்தது, ஒரு பிள்ளையின் உயிர் போய், சிலரின் உடலும் மனமும் சிதைந்த பிறகு.

கோவைக்கு இதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு சிக்கலும் உண்டு. மாநகரக் காவல்துறை 2022இல் தொடங்கிய ‘போலீஸ் அக்கா’ திட்டத்தில், கல்லூரிகளுக்கெனப் பெண் காவலர்கள் ஒதுக்கப்பட்டார்கள். மாணவிகள் தயக்கமின்றி அவர்களைக் கூப்பிட முடிகிறது. ஆண்கள் விடுதிகளில் ராகிங்குக்கென்றே இப்படியொரு தெரிந்த முகம் இருந்தால், பல பையன்கள் காவல் நிலையப் படியேறாமலே பேசுவார்கள். சிக்கல், விடுதிக்கு வெளியே இருக்கிறது. சரவணம்பட்டி, பீளமேடு, குனியமுத்தூர் என்று கல்லூரிகளைச் சுற்றி மாணவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் அறைகள் பெருகிவிட்டன. அங்கே வார்டன் இல்லை, வருகைப் பதிவு இல்லை. மிரட்டல் கைப்பேசி வழியாகவும் அந்த அறைகளை எட்டும்; மானியக் குழு 2025இல் சீனியர்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுக்கள் வழியான மிரட்டலையும் ராகிங்காகவே கருத வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது. வெளியறைகளில் தங்கும் முதலாமாண்டு மாணவர்களின் முகவரியும் அவர்களுக்கான வழிகாட்டி ஆசிரியரின் எண்ணும் கல்லூரியிடம் இருப்பது குறைந்தபட்சத் தேவை.

மானியக் குழு விதிப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் ராகிங் தடுப்புக் குழு இருக்க வேண்டும். காவல் கண்காணிப்பாளரும் கல்லூரித் தலைவர்களும் அதில் உறுப்பினர்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் ஆட்சியர்கள் வரும் கல்வியாண்டு தொடங்குமுன் அந்தக் குழுக்களைக் கூட்டி, முந்தைய ஆண்டுப் புகார்க் கணக்கைக் கல்லூரிவாரியாகக் கேட்டு வாங்கி, மாவட்ட இணையதளத்தில் போடலாம். அண்ணா பல்கலைக்கழகமும் பாரதியார் பல்கலைக்கழகமும் இணைப்பைப் புதுப்பிக்கும்போது அதை நிபந்தனையாக்கலாம். அதுவரை, சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் அலுவலக மேசையில் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வி கேட்கட்டும்: சென்ற ஆண்டு புதிய மாணவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பின் முடிவு எங்கே? கூடவே 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணைப் பிள்ளையின் கைப்பேசியில் பதிந்து கொடுத்து, எந்த நேரத்தில் அழைத்தாலும் வீடு அவன் பக்கம்தான் நிற்கும் என்று அன்றைக்கே சொல்லிவிடட்டும்.