பெரிய குண்டு போட்டால் மான் விழுந்துவிடுமா?



வேட்டையைப் பற்றி இந்த வாத்தியார் ஏன் எழுதுகிறார் என்று சிலர் கேட்பீர்கள். எங்கள் மாப்பிள்ளை அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிறார். சக்கிமுக்கிக் கல்லால் பொறி பறக்கவைத்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கிக்கென்றே அங்கே ஒரு மான் வேட்டைப் பருவம் உண்டு. 1974இல் தொடங்கியது. வருடா வருடம் கிறிஸ்துமஸ் முடிந்ததும் வரும். குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, எண்ணெய்ப் பசையுள்ள துணியில் பொதிந்த ஈயக் குண்டைக் கோலால் அழுத்தி இறக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரே வெடிதான்.

மாப்பிள்ளை ஒன்று வாங்கப் போகிறார். "54 வாங்கு, 58 வாங்கு, குறி கொஞ்சம் தப்பினாலும் மான் விழுந்துவிடும்" என்கிறார்கள் அவருடைய நண்பர்கள். இந்தப் பேச்சு எனக்குச் சரியாகப் படவில்லை. என் கட்சி 50 காலிபர். காரணம் சொல்கிறேன்.

காலிபர் என்பது குழலின் உள்விட்டம். 50 என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். துணிக்கு இடம் விட்டு, குண்டு ஒரு நூல் சிறியதாக இருக்கும். இனி எட்டாம் வகுப்புக் கணக்கு. கோளத்தின் எடை விட்டத்தின் கனத்தைப் பொறுத்து ஏறும். 36 காலிபர் குண்டு சுமார் 4.2 கிராம். 45 காலிபர் குண்டு சுமார் 8.6 கிராம். விட்டம் கால் பங்குதான் கூடியது, எடை இரண்டு மடங்காகிவிட்டது! 50க்கு ஏறக்குறைய 11.5 கிராம், 54க்கு 15, 58க்கு 18.

அந்தக் காலத்து ஆட்களுக்கு இந்தக் கணக்கு கைவந்தது. ஒரு பவுண்டு ஈயத்தில் 36 காலிபருக்கு நூறு குண்டுக்கு மேல் வார்க்கலாம். 54க்கு முப்பதுதான். 18ஆம் நூற்றாண்டில் லங்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மானிய, சுவிஸ் கைவினைஞர்கள், தங்கள் ஊரின் குட்டையான, பெரிய வாய்த் துப்பாக்கியை நீள்குழல் ரைஃபிளாக மாற்றினார்கள். நாளடைவில் துளையும் சிறுத்தது. காட்டுக்குள் மாதக்கணக்கில் திரிபவன் ஈயத்தையும் மருந்தையும் தோளில் அல்லவா சுமக்க வேண்டும்! பிறகு 19ஆம் நூற்றாண்டில் மேற்கே காட்டெருமையையும் பெருங்கரடியையும் எதிர்கொள்ளப் போனவர்களுக்கு, செயின்ட் லூயிஸ் நகரின் ஹாக்கன் சகோதரர்கள் 50, 54 என்று கனமான துப்பாக்கிகள் செய்து கொடுத்தார்கள். எதிரே நிற்கும் விலங்குதான் அளவைத் தீர்மானித்தது, வீராப்பு அல்ல.

அணிலுக்கு 32, 36 போதும். பெரிய குண்டு இறைச்சியைச் சிதைத்துவிடும். பென்சில்வேனியா சட்டப்படி மானுக்கு 44க்குக் குறையக் கூடாது. 45 சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் உருண்டைக் குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். கொஞ்சம் தூரமானால் 45இல் கையிருப்பு குறைவு.

அப்படியானால் 58 நல்லதுதானே என்பீர்கள். இங்கேதான் சக்கிமுக்கியின் குணத்தைப் பார்க்க வேண்டும். விசையை இழுத்ததும் கல் இரும்பில் உரசி, பொறி கிண்ணத்து மருந்தில் விழுந்து, அந்தத் தீ சிறு துளை வழியாகக் குழலுக்குள் போய், அதன் பிறகுதான் வெடி. கண்ணுக்கு முன்னால் தீ பளிச்சிடும். குண்டு வெளியேறும் வரை துப்பாக்கி அசையாமல் இருக்க வேண்டும். பெரிய குண்டுக்கு மருந்தும் அதிகம், தோளில் விழும் உதையும் அதிகம். குழலின் வெளி அளவு ஒன்றாக இருந்தால், துளை பெரிதாகும்போது துப்பாக்கியின் எடை வேறு குறையும். அதனால் உதை இன்னும் கூடும். நாலு முறை உதை வாங்கிய தோள், ஐந்தாவது முறை விசையைத் தொடும்போதே சுருங்கும். குறி விலகும்.

விலகினால் என்ன ஆகும்? 18 கிராம் ஈயமானாலும் வயிற்றில் பட்டால் மான் அங்கேயே விழாது. குடல் கிழிந்து ஓடி, எங்கோ புதருக்குள் கிடந்து மணிக்கணக்கில் துடிக்கும். அடுத்த குண்டு கெட்டிப்பதற்குள் அது கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருக்கும். "கொஞ்சம் தப்பினாலும் விழுந்துவிடும்" என்ற வார்த்தையை நான் வெறுப்பது இதனால்தான். தப்பலாம் என்று முன்கூட்டியே தனக்கு அனுமதி கொடுத்துக்கொண்டு ஒருவன் காட்டுக்குள் போகக் கூடாது.

ஆகவே மாப்பிள்ளைக்கு என் யோசனை: 50 வாங்குங்கள். மிச்சமாகும் ஈயத்தையும் மருந்தையும் அட்டைக் குறியில் செலவழியுங்கள். எந்தத் தூரத்தில் ஐந்துக்கு ஐந்தும் ஒரு சின்னத் தட்டுக்குள் விழுகிறதோ, அதுதான் உங்கள் தூரம். அது ஐம்பது கெஜம் என்றால் ஐம்பதுதான். அதற்கு அப்பால் நிற்கும் மான் உங்களுடையது அல்ல, போகட்டும் என்று விடுங்கள்.

அனுபவமுள்ளவர்கள் 54க்காக வாதாடலாம், கேட்கிறேன். ஆனால் "பெரிது என்றால் நல்லது" என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லுங்கள்.