கடிதலும் கொல்லுதலும்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் நமது ஊர்களில் இரண்டு பொருள்கள் காணாமற் போவதுண்டு. ஒன்று, கொட்டிலின் மூலையிற் கிடக்கும் பழைய சைக்கிள் ரியூப். மற்றையது, கொய்யா மரத்தின் நல்லதொரு கவடு. இவ்விரண்டும் கூடி, கிழிந்த செருப்பின் தோற்றுண்டு ஒன்றையும் துணையாகப் பெற்றுக் கெற்றப்போல் என்னும் வடிவெடுத்துச் சிறுவனுடைய காற்சட்டைப் பையிற் குடிபுகுந்துவிடும். தந்தையார் கேட்பின், "தோட்டத்துக்குக் கிளி வருகிறது, ஐயா" என்று விடை வரும்.

அவ்விடையை வெறுஞ் சாட்டு என்று தள்ளிவிடுதல் முறையன்று. கிளியும் அணிலும் காகமும் வௌவாலும் வளவுக்குள் வருவது உண்மை. குரங்கும் மயிலும் விளைவிக்கும் அழிவு இன்று நாடு தழுவிய கவலையாகிவிட்டது. 2025 ஆம் ஆண்டு மார்ச் 15 ஆம் நாள் காலை எட்டு மணிக்கு, இலங்கை எங்கணும் மக்கள் ஐந்து நிமிடம் தத்தம் வளவிலே நின்று குரங்கு, மர அணில், மயில் முதலியவற்றை எண்ணிக் கணக்குக் கொடுக்கும்படி அரசு கேட்டுக்கொண்டமை பலருக்கும் நினைவிருக்கும். உழுது விதைத்தவனுக்கு அதன் பயனைக் காக்கும் உரிமை உண்டு. எவ்வாறு காப்பது என்பதே கேள்வி. அதற்குக் கெற்றப்போல் எந்த அளவுக்கு உதவும் என்பதை இன்று ஆராய்வோம்.

இக்கருவி பார்வைக்குப் பழமையானதாகத் தோன்றினும் வயதில் இளையது. இதன் உயிர் இறப்பரிலே இருக்கிறது. பச்சை இறப்பர் வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைக்கும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அக்குறை நீங்கும் என்பதை அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் 1839 ஆம் ஆண்டிற் கண்டார். 1844 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இழுத்தால் நீண்டு, விட்டால் விசையோடு சுருங்கும் இறப்பர்ப் பட்டி அதன் பின்னரே உலகில் எளிதாகக் கிடைத்தது. நமது நாட்டுக்கு இறப்பர்க் கன்றுகள் வந்தது 1876 இல். கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் அவை நடப்பட்டன. ஆகவே நம் பாட்டனாரின் பாட்டனார் சிறுவராயிருந்த நாளிற் கெற்றப்போல் இருந்திராது.

அவர்கள் கையில் இருந்தவை கவணும் உண்டைவில்லும் ஆகும். கவண், கல்லை வைத்துச் சுழற்றி எறியும் கயிறு. உண்டைவில், அம்புக்குப் பதிலாகக் களிமண் உருண்டையை எய்யும் வில். நாணின் நடுவே உருண்டையை ஏந்தச் சிறு பை இருக்கும். வட இந்தியாவில் இதனைக் குலேல் என்பர். கந்தபுராணம் கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு, தினைப்புனத்துப் பரண்மீது கவணும் கையுமாக நிற்கும் வள்ளியம்மையை அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலும் தலைவியுந் தோழியும் தினை காக்கின்றனர். தழல், தட்டை, குளிர் என்பன அவர்களுடைய கருவிகள்.

இங்கே மாணவர்கள் ஒரு சொல்லைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அக்காவலுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் "கிளி கடிதல்" என்பது. கடிதல் என்றால் ஓட்டுதல், விலக்குதல். "புள் ஓப்புதல்" என்றும் வழங்குவர். அதற்கும் பொருள் அதுவே. வேட்டையைத் தொழிலாகக் கொண்ட குறவர் குலத்துப் பெண்களே தினைப்புனத்திற் கிளியைக் கொல்லாது கடிந்தனர். அது இரக்கத்தின்பாற்பட்டது மாத்திரமன்று, அனுபவத்தின்பாற்பட்டதுமாகும். ஒரு கிளியைக் கொன்றால் மறுநாள் வேறொரு கிளி வரும். ஓசையெழுப்பி அச்சுறுத்தினாலோ கூட்டம் முழுவதும் எழுந்து போகும்.

இனி, கெற்றப்போலின் வலிமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆறு கிராம் நிறையுள்ள ஒரு கல் வினாடிக்கு 40 மீற்றர் வேகத்திற் புறப்படுகிறது என்று கொள்வோம். இது மணிக்கு 144 கிலோமீற்றர். விரைவுப் பந்துவீச்சாளர் ஒருவரின் பந்து செல்லும் வேகம். அதன் இயக்கசக்தி 4.8 யூல். மூன்று மீற்றர் உயரத்திலிருந்து விழும் கிரிக்கெற் பந்தின் சக்தியும் ஏறக்குறைய இவ்வளவே. ஆனால் பந்தின் தாக்கம் அகன்ற பரப்பிலே பரவும்; கல்லின் தாக்கமோ விரல்நுனி அளவான இடத்தில் முழுவதும் இறங்கும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, வேட்டைக்கு இது குறையுள்ள கருவி. பழகிய கை, பத்து மீற்றருக்குள், சிறு பறவையின் தலையிற் படுமாறு எய்தாலன்றி, அடிபட்ட உயிர் உடனே இறப்பதில்லை. சிறகொடிந்து பற்றைக்குள் விழுந்து, பசியாலும் எறும்பாலும் இரண்டு நாள் வருந்திச் சாகும். வேட்டையாடுவோருக்கும் ஓர் அறம் உண்டு. ஒரே அடியில் முடிக்க இயலாத உயிரின்மீது குறிவைத்தலாகாது என்பதே அது. இரண்டாவது, பறவையின் உயிரை உடனே போக்க வலியற்ற அதே கல், மனிதனின் கண்ணைப் பறிக்கத் தாராளமாகப் போதும். குறி தவறிய கல் வேலியோடு நிற்பதுமில்லை. காற்றின் தடையைக் கழித்துப் பார்த்தாலும் ஐம்பது மீற்றருக்கு அப்பாற் சென்று விழும். அங்கே அயல்வீட்டுக் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கலாம்.

சிறு உருண்டைதானே என்று எண்ணுவோர் கம்பராமாயணத்து மந்தரையை நினைத்தல் நன்று. இராமன் இளமையில் வில்லால் எய்த உண்டை அவளுடைய கூனிற் பட்டது. எய்தவன் மறந்துவிட்டான், பட்டவள் மறக்கவில்லை. அயோத்தியின் துயருக்குக் கவியரசர் கண்ட வித்துக்களில் அச்சிறு மண்ணுருண்டையும் ஒன்று.

நிற்க. பீடை என்று நாம் கருதுவதெல்லாம் பீடைதானா என்பதும் ஆராயத்தக்கது. இதற்குச் சீன தேசம் தந்த பாடம் மிகப் பெரிது. 1958 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு எலி, ஈ, நுளம்பு, சிட்டுக்குருவி ஆகிய நான்கையும் ஒழிக்க ஓர் இயக்கந் தொடங்கிற்று. குருவி தானியத்தைத் தின்னுகிறது என்பதே அதன்மேற் சாட்டப்பட்ட குற்றம். சிறுவர் கெற்றப்போல் ஏந்தினர். பெரியோர் தட்டும் பறையும் முழக்கிக் குருவிகளை இளைப்பாற விடாது துரத்தினர். பறந்து பறந்து களைத்த குருவிகள் செத்து விழுந்தன. கூடுகள் கலைக்கப்பட்டன, முட்டைகள் உடைக்கப்பட்டன. ஆனால் அக்குருவிகள் தம் குஞ்சுகளுக்கு ஊட்டியவை பெரும்பாலும் பூச்சிகளும் புழுக்களும் ஆகும். குருவி குறையவே பயிரைத் தின்னும் பூச்சிகள் தடையின்றிப் பெருகின. பறவையியல் அறிஞர்கள் எடுத்துரைத்ததன் பின்னர், 1960 இல் குருவியின் பெயரை நீக்கி மூட்டைப்பூச்சியின் பெயரைப் பட்டியலிற் சேர்த்தனர். அவ்வாண்டுகளிற் சீனாவை வருத்திய கொடும் பஞ்சத்துக்குக் காரணங்கள் பலவாயினும், குருவியைக் கொன்றமையும் பயிருக்குக் கேடாயிற்று என்பதை அறிஞர் கூறுவர்.

நமது வளவிலும் இத்தகைய நண்பர்கள் உளர். கரிக்குருவி பூச்சிகளைப் பறந்தபடியே பிடித்து உண்ணும். செண்பகம் புழுக்களையும் நத்தைகளையும் உண்ணும். அபசகுனம் என்று கல்லெறி வாங்கும் கூகை, இரவெல்லாம் நம் வயலில் எலி பிடிக்கும் ஊதியமில்லாக் காவற்காரன். மாம்பழத்தைக் கடிக்கும் வௌவால்தான் இலுப்பைப் பூவின் மகரந்தத்தையும் மரத்துக்கு மரம் கொண்டுசெல்கிறது. நாட்டுச் சட்டமும் இவற்றின் பக்கமே நிற்கிறது. 1937 ஆம் ஆண்டிற் பிறந்து பின்னர்ப் பலமுறை திருத்தப்பெற்ற விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், அட்டவணையிற் குறித்த சில நீங்கலாக ஏனைய பறவைகள் எல்லாவற்றுக்கும் காவல் அளிக்கிறது. விளையாட்டு என்பது அச்சட்டத்தின் முன் நியாயமாகாது.

அவ்வாறாயின் கெற்றப்போலைப் பறித்து அடுப்பில் இடுவதோ? வேண்டியதில்லை, அதனைக் கடிதற் கருவியாக்குங்கள். காய்த்த மரத்தின் அருகே, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கத்தில், பழைய தகரத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். அதற்குப் பின்னே மண்மேடோ மதிலோ இருத்தல் வேண்டும். கிளி வந்து இறங்கியதும் மைந்தன் தகரத்தைக் குறிபார்த்து எய்யட்டும். எழும் ஓசை கிளியை ஓட்டும். குறிபார்க்கும் ஆசையும் நிறைவேறும். நாள்தோறும் ஒரே இடத்தில் ஒரே ஓசையானால் பறவைகள் பழகிவிடும். ஆதலின் தகரத்தை இடம் மாற்றுக. வெருளியையும் இடையிடையே துணைக்கழைக்க. குரங்கு இதற்கும் விரைவிற் பழகிவிடும் என்பதை மறத்தலாகாது. மாதுளங்காய்க்குத் துணி கட்டுவதும், பலாக்காயை ஓலையாற் பொத்துவதும் எந்தக் கல்லினும் சிறந்த காவல்.

எய்வதற்குக் களிமண்ணை உருட்டி நிழலில் உலர்த்திய உண்டையே தக்கது. பட்டதும் உடைந்து மண்ணோடு மண்ணாகும். கண்ணாடிப் போளை சிதறித் தோட்டத்திற் காலைக் கிழிக்கும். இரும்புக் குண்டு தகரத்திற் பட்டுத் திரும்பிப் பாயும். ஈயம் நிலத்துக்கு நஞ்சு. பட்டியை ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்து, வெடிப்பிருப்பின் உடனே மாற்றுதல் வேண்டும். வெயிலிற் காய்ந்த இறப்பர் அறுந்தால் முதலிற் பாய்வது எய்பவனின் முகத்திலேயே. ஆகையாற் கண்ணுக்குக் கண்ணாடி அணியாமல் எய்யலாகாது. வீதியை நோக்கியும், அயல்வளவை நோக்கியும், வானை நோக்கியும் எய்தல் என்றுந் தகாது.

பெற்றோர் இவ்விதிகளைத் தடையுத்தரவாகச் சொல்லாமல், ஒரு மாலைப்பொழுது மைந்தனோடு தோட்டத்திற் செலவிட்டுக் கற்பித்தல் நலம். முதற் பாடம், வந்திருக்கும் பறவையின் பெயரைக் கேட்பதாக இருக்கட்டும். இன்னது இன்னதை உண்ணும் என்று அறிந்தபின், பெரும்பாலான வேளைகளில் அவன் பட்டியை இழுக்க மாட்டான். இழுத்தாலும் தகரத்தைத்தான் குறிவைப்பான்.