நாய்க்குட்டியின் பல்லும் நமது கையும்

நாய் நன்றியுள்ள பிராணி என்று பாலபாடத்திலேயே படித்துவிட்ட நாம், அப்பிராணி நம்மிடம் படிக்கவேண்டிய பாடம் ஒன்று உண்டென்பதைச் சிந்திப்பதில்லை. அது யாதெனின், மனிதர் தோலின்மேல் பல் படலாகாது என்பதே. இப்பாடத்தைக் கற்பிக்கும் முறையில் நம்மவர் பெரும்பாலும் தவறுகின்றனர் என்பது எமது அபிப்பிராயம். யாமும் தவறியவர்களே.

தென்காசியில் எம் இல்லத்திற்கு ஆனி மாதச் சாரலில் ஒரு குட்டி வந்து சேர்ந்தது. இராஜபாளையத்து நண்பரொருவர் அதனைத் துணிப்பையில் வைத்துப் பேருந்தில் கொணர்ந்தார். வெண்ணிற மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய அவ்வூர்ச் சாதி. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால் தலையில் பொறித்த சாதி. பிறந்து முப்பது நாட்களே ஆகியிருந்தன. முற்றத்தில் அதனை விட்டு, விரலை ஆட்டி ஆட்டி விளையாடினோம். அது கவ்விற்று, யாம் நகைத்தோம். “கடிக்கிற குட்டிதான் காவலுக்கு உதவும்” என்றார் வீட்டுப் பெரியவர். ஆவணியில், குற்றாலத்து அருவியில் நீராட வந்து எம்முடன் தங்கிய உறவினர் குழந்தையின் கணுக்காலில் அதன் பல் பதிந்து இரத்தம் துளிர்த்தபொழுது, கோலை எடுத்தவரும் அப்பெரியவரே. குட்டியைக் குற்றாலத்துக் கடைத்தெருவில் விட்டுவிடலாம் என்றும் அன்றிரவே யோசனை பிறந்தது.

குழந்தையின் காலைச் சவுக்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். “குட்டியின் பால்பல்தானே” என்று இருந்துவிடலாகாது. வெறிநோய் குட்டிக்கும் வரும், அந்நோய் முற்றியபின் மருந்து இல்லை. பாட்டியாரோ தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று அழத் தொடங்கினார். ஆட்டு மூளையினின்று செய்த அப்பழைய மருந்து நம் நாட்டில் கைவிடப்பட்டு ஆண்டுகள் பல ஆயின. இப்பொழுது கையிலே சில ஊசிகள்தாம். பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1885-இல் ஒரு சிறுவனைக் காத்த வழி அது. அவர் பெயரால் 1907-இல் நம் குன்னூரிலும் ஒரு நிலையம் எழுந்தது. எம் குட்டிக்கோ மூன்று மாதத்தில் இடவேண்டிய தடுப்பூசி அப்பொழுதும் இடப்படவில்லை. அப்பிழையும் எம்முடையதே.

இனி, அக்குட்டி கடித்த காரணத்தை ஆராய்வோம். மூன்றாம் வாரமளவில் குட்டிக்குப் பால்பற்கள் முளைக்கத் தொடங்கும். இருபத்தெட்டும் ஊசி முனைகள். உடன்பிறந்த குட்டிகள் ஒன்றையொன்று கவ்விப் புரளும். ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது வீறிட்டு விளையாட்டை விட்டு அகலும். தாயும் எழுந்து போய்விடும். அழுத்தினால் துணை போய்விடும் என்று குட்டி கண்டுகொள்வது இவ்வாறே. எட்டு வாரம் நிரம்பாமுன் தாயினின்று பிரித்துக் கொணர்வோர் அப்பள்ளியினின்று அதனைப் பாதியில் நிறுத்துகின்றனர். பின்னர் நான்காம் மாதத்தில் பால்பல் விழுந்து புதுப்பல் எழும்பும்; ஈறு தினவெடுக்க, எதையேனும் மென்றாலன்றி அதற்கு நிம்மதியில்லை.

அடித்தால் அடங்காதோ என்பர். மூக்கில் தட்டுவதும், விரலில் மிளகாய்ப்பொடி பூசுவதும், சங்கிலியில் கட்டிப் போடுவதும் நம் தெருக்களில் காணும் வைத்தியங்கள். அடிபட்ட குட்டி கையைக் கண்டு அஞ்சக் கற்கும். அஞ்சிய நாய் உறுமுதலுமின்றிக் கடிக்கக் கூடும். காவலுக்கு வேண்டுவதோ அந்நியரை அறிந்து குரைக்கும் குரல். குழந்தையின் கணுக்காலை நாடும் பல்லன்று.

குற்றாலத்துக் குரங்குகளைக் காண்மின். கடலையும் பழமும் நீட்டிச் சிரித்தவர் நாம். கைப்பையைப் பறிக்கின்றனவென்று கல்லெறிபவரும் நாம். விடுதி மாணவர் சிலர் வராந்தாவில் குட்டியொன்றை வளர்த்து, வேட்டியைக் கவ்வப் பழக்கி, விடுமுறை வந்ததும் அதனைத் தெருவில் விட்டு ஊர் செல்வதும் இவ்வகையினதே.

யாம் குட்டியைக் கடைத்தெருவிற்கு அனுப்பவில்லை. தடுப்பூசி இட்டபின், கையை விளையாட்டுப் பொருளாக்குவதை வீட்டார் அனைவரும் விட்டோம். பல் பட்டவுடன் பேசாது எழுந்து, முகம் திருப்பி, அரை நிமிடம் அறையை விட்டு அகன்றோம்; திரும்பி வந்து தடித்த கயிற்று முடிச்சொன்றைக் கொடுத்தோம். அதனைக் கவ்வினால் தட்டிக் கொடுத்தோம். மாலையில் வெறிபிடித்தாற்போல் ஓடிக் கடித்த வேளைகளில் அது தூக்கம் போதாத குட்டி எனக் கண்டு, இருண்ட மூலையில் படுக்க வைத்தோம். நாளொன்றுக்குப் பதினெட்டு மணியளவு உறங்க வேண்டிய பருவம் அது. இம்முறைக்கு இணங்க மிக நாள் மறுத்தவர் பெரியவரே. அவர் ஒருவர் விரலை நீட்டியதால் எம் ஒரு வார உழைப்பு வீணாயிற்று. இரண்டு மாதத்தில் கவ்வுதல் மெலிந்து, பின் நக்குதலாயிற்று.

அடுத்த சாரலில் அக்குழந்தை மீண்டும் வந்தது. முதல் நாள் திண்ணையை விட்டு இறங்கவில்லை; யாமும் வற்புறுத்தவில்லை. மூன்றாம் நாள் தானே இறங்கி, கயிற்று முடிச்சின் ஒரு முனையைப் பிடித்தது. பெரியவரின் வேட்டிக்கரையைக் கண்டால் மட்டும் நாய்க்கு இன்னும் ஆசை தீரவில்லை.