கோர்ட்டுக் கட்டும் கர்ப்பக்கிரகமா?

கோயிலுக்குள் சாமி இருக்கின்றது என்றும், அந்தச் சாமியை எல்லோரும் கிட்டப் போய்ப் பார்க்கக் கூடாது என்றும், வெளியில் நின்று கும்பிட்டுவிட்டு உள்ளேயிருப்பவன் கொண்டு வந்து கொடுப்பதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போக வேண்டும் என்றும் நமக்கு வெகு காலமாகச் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கின்றார்கள். அந்தப் புத்தி கோயிலோடு நின்றிருந்தாலாவது பாதி நஷ்டத்தோடு போயிருக்கும். அது கோர்ட்டு, கச்சேரி முதலிய இடங்களிலும் வந்து குடியேறிவிட்டதுதான் பெரிய ஆபத்தாகும்.

கோயமுத்தூர் கலெக்டர் கச்சேரியை அடுத்துள்ள கோர்ட்டு வளாகத்தில் ஒரு நாள் காலையில் போய் நின்று பாருங்கள். மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் மரத்தடியில் நிற்கின்ற குடியானவர்களைக் காணலாம். அவர்கள் வழக்கில் தீர்ப்புச் சொல்லி வருஷக் கணக்காகியிருக்கும். அதில் என்ன எழுதியிருக்கின்றது என்று கேட்டால், "வக்கீல் சொன்னாருங்க", "குமாஸ்தா சொன்னாருங்க" என்பார்களே ஒழிய, "நான் படித்தேன்" என்று சொல்லுகின்றவர்கள் வெகு அபூர்வம். சாமிக்கும் நமக்கும் நடுவே ஒருவன் தரகனாக நின்றதுபோல், சட்டத்துக்கும் நமக்கும் நடுவே ஒருவன் நிற்கின்றான். நாமும் தட்டில் காசு போட்டுவிட்டுத் திரும்பி வருகின்றோம்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்கு, நம் கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் நாம் நேரில் கண்டதைச் சொல்லுகின்றோம். ஊரின் பெயர் வேண்டியதில்லை. அந்த ஊருக்குக் கிழக்கே ஓர் இட்டேரி இருக்கின்றது. ஆதிதிராவிடத் தோழர்களின் தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் சுடுகாட்டுக்கும் அதுதான் நேர்வழி. பண்ணையக்காரர் ஒருவர் அந்தத் தடத்தைக் கிளுவை வேலி போட்டு அடைத்துவிட்டு, "எங்கப்பன் காலத்திலேயே முன்சீப் கோர்ட்டில் தீர்ப்பு ஆயிருக்கிறது, உங்களுக்கு இதில் பாத்தியமில்லை" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். இருபது வருஷமாக அந்தத் தெருப் பிள்ளைகள் ஒன்றரை மைல் சுற்றிப் பள்ளிக்கூடம் போனார்கள். மழைக் காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துத் தண்ணீரில் இறங்கிப் போனார்கள்.

மில்லில் வேலை செய்யும் ஓர் இளைஞன் ஒரு நாள், "ஏனுங்க, அந்தத் தீர்ப்பை ஆராச்சும் கண்ணுல பாத்திருக்கறீங்களா?" என்று கேட்டான். கிழவர்கள், "பெரிய பண்ணாடி சொல்றப்ப பொய்யா இருக்குமா, கண்ணு?" என்றார்கள். அவன் விடவில்லை. கோர்ட்டில் நகல் மனுப் போட்டான். வழக்கு நம்பர் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். பண்ணையக்காரர் வீட்டு வழக்கு நடந்த வருஷம் இன்னதாக இருக்கலாம் என்று ஊரில் விசாரித்துக்கொண்டு, பழைய பதிவேட்டைத் தேடிப் பார்க்க மனுப் போட்டான். நீ யார், உனக்கு எதற்கு என்று கேட்டதற்குச் சத்தியக் கடுதாசி எழுதிக் கொடுத்தான். சில மாதங்கள் அலைந்த பிறகு நகல் கைக்கு வந்தது.

அதில் என்ன இருந்தது தெரியுமா? பண்ணையக்காரரின் தகப்பனாருக்கும் அவருடைய சொந்தத் தம்பிக்கும் கிணற்றுப் பங்கில் நடந்த தகராறு! ஆதிதிராவிடர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதோடு, சொத்து விவரத்தில் கிழக்கு எல்லை "ஊர்ப் பொது இட்டேரி" என்று எழுதியிருந்தது. அதாவது, வழியை அடைப்பதற்குக் காட்டிய தீர்ப்பே வழி பொதுவானது என்பதற்குச் சாட்சியாக இருந்தது. நகலைத் தாசில்தாரிடம் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு வேலி போய்விட்டது. இருபது வருஷமாக அந்த ஜனங்களை அடைத்து வைத்தது கிளுவை முள்ளா? இல்லை. யாரும் பார்க்காத ஒரு காகிதத்தின் மேல் வைத்த பக்தியே ஆகும். உள்ளபடி அப்படி ஒரு தீர்ப்பு இருந்திருந்தாலும்கூட, இரண்டு பேருக்குள் நடந்த சிவில் வழக்கின் தீர்ப்பு சாதாரணமாக அவர்களையும் அவர்களது வாரிசுகளையும்தான் கட்டுமே தவிர, ஊரிலுள்ள மூன்றாம் மனிதர்களைக் கட்டாது. இதையும் அந்த ஜனங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

நிற்க, சட்டம் என்ன சொல்லுகின்றது என்பதைப் பார்ப்போம். கோர்ட்டுகளின் செய்கைகளைக் குறித்த பதிவுகள் பொது ஆவணங்கள் என்று 1872ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்திருக்கும் புதுச் சட்டத்திலும் 74, 75வது பிரிவுகளில் அதுவே இருக்கின்றது. பார்வையிட உரிமையுள்ளவர் கேட்டால், கட்டணம் பெற்றுக்கொண்டு அத்தாட்சி நகல் கொடுக்க வேண்டியது அதை வைத்திருக்கும் அதிகாரியின் கடமை. கடமை என்றால் தயவு அல்ல, பிரசாதமும் அல்ல.

இனி, கேட்கும் வழி. முதலில் வழக்கு நம்பரும் வருஷமும் கோர்ட்டின் பெயரும் வேண்டும். சமீப கால வழக்கானால் "ஈ-கோர்ட்ஸ்" என்னும் சர்க்கார் இணையதளத்தில் கட்சிக்காரர் பெயரைப் போட்டே கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கொண்ட சி.என்.ஆர். நம்பர் ஒன்று உண்டு. அது தெரிந்தால் வாய்தா, உத்தரவு எல்லாம் கைப்பேசியிலேயே தெரியும், காசும் கிடையாது. ஆனால் அது தெரிந்துகொள்வதற்குத்தான்; அப்பீலுக்கும் அத்தாட்சிக்கும் கோர்ட்டு முத்திரை போட்ட நகல்தான் வேண்டும். அதற்கு அந்தந்தக் கோர்ட்டின் நகல் பிரிவில், எந்தக் காகிதம், எந்தத் தேதியுடையது என்று தெளிவாக எழுதி, கோர்ட்டு வில்லை ஒட்டி மனுக் கொடுக்க வேண்டும். பிறகு நோட்டீஸ் பலகையை அடிக்கடி பார்க்க வேண்டும். நகலுக்கு இவ்வளவு கட்டு என்று அதில் போடுவார்கள். குறித்த நாளில் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி ஆகிவிடும். பழைய வழக்கானால் கட்டு ரிக்கார்டு ரூமுக்குப் போயிருக்கும். 1917ம் வருஷத்துச் சட்டப்படி, காலம் கடந்த காகிதங்களை விதிகளின்படி அழிப்பதும் உண்டு. ஆகையால் தள்ளிப் போடாதீர்கள்.

தோற்றுப்போனவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜில்லாக் கோர்ட்டுக்கு அப்பீல் செய்ய 30 நாள், ஹைக்கோர்ட்டுக்கு 90 நாள். நகல் எடுக்கப் பிடித்த நாள்களை 1963ம் வருஷத்துக் காலவரம்புச் சட்டம் கழித்துக் கொடுக்கும். மனுவே போடாமல் ஜோசியனிடம் நாள் பார்த்துக்கொண்டிருந்த நாள்களை எந்தச் சட்டமும் கழிக்காது.

வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாம் மனிதர் கேட்டால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் கேட்கலாமே என்றால், கோர்ட்டு வழக்குக் காகிதங்களுக்கு அந்த வழி இல்லை, ஹைக்கோர்ட்டு விதிகளின்படியே கேட்க வேண்டும் என்று 2020 மார்ச் 4ல் குஜராத் ஹைக்கோர்ட்டு சம்பந்தமான வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. தீர்ப்பு இருக்கின்றவரையில் அதன்படி நடக்க வேண்டியதுதான். ஆனால் அது சரியா என்று யோசிக்க நமக்கு உரிமையுண்டு. குடும்ப வழக்குகளின் விவரங்களையும், கற்பழிப்பு வழக்குகளில் பெண்களின் பெயரையும், குழந்தைகளின் அடையாளத்தையும் மறைக்க வேண்டும் என்பதை நாம் முழு மனதுடன் ஒப்புக்கொள்ளுகின்றோம். ஊர் வம்புக்குக் கோர்ட்டு இடம் கொடுக்கக் கூடாது. ஆனால் திறந்த கோர்ட்டில், எவர் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கும்படியாகச் சொன்ன ஒரு தீர்ப்பைப் பிறகு எழுத்தில் கேட்டால், "உனக்கு எதற்கு?" என்பது என்ன நியாயம்? காதால் கேட்கலாம், கண்ணால் படிக்க மட்டும் காரணம் வேண்டுமா? வேதத்தைக் கேட்டால் காதில் ஈயம் என்ற நாட்டில், இது கண்ணுக்கு மட்டும் கட்டுப்போடும் கதையாக அல்லவா இருக்கின்றது! அமெரிக்காவில் கவுண்டிக் கோர்ட்டுகள் என்று உண்டு. நம் பக்கத்துக் கவுண்டர் என்று எண்ணிவிடாதீர்கள்; கவுண்டி என்பது ஜில்லா மாதிரி ஒரு பிரிவு. அங்கே கோர்ட்டுக் காகிதங்களைப் பார்த்து நகல் எடுக்கப் பொதுமக்களுக்குப் பொதுவான உரிமை உண்டு என்பதை அந்த நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 1978ல் ஒப்புக்கொண்டிருக்கின்றது. அங்கும் அந்த உரிமைக்கு வரம்பு உண்டு. ஆனாலும் உரிமையிலிருந்து ஆரம்பிக்கின்றார்கள். நாமோ சந்தேகத்திலிருந்து ஆரம்பிக்கின்றோம்.

நம் இயக்கத்துக்கும் கோர்ட்டுப் பதிவுக்கும் சம்பந்தம் இல்லாமலில்லை. 1933 அக்டோபரில் "குடி அரசு" எழுதிய தலையங்கத்துக்காகப் பெரியாரும், அவர் தங்கை கண்ணம்மாளும் இதே கோயமுத்தூரில்தான் விசாரிக்கப்பட்டு 1934ல் தண்டனை பெற்றார்கள். அன்று அவர் கொடுத்த வாக்குமூலம் எழுத்தில் நின்றதால்தான் இன்று நாம் படிக்கின்றோம். சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953ல் சென்னை ஹைக்கோர்ட்டு சொன்னது. 1967ம் வருஷச் சட்டம் அதைச் செல்லும்படி செய்தது. அதை ஊரறிய அறிவித்துச் செய்ய வேண்டிய அவசியமில்லை என்று 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. இவற்றைப் படித்திராத தோழர், புரோகிதனில்லாக் கலியாணம் செல்லாது என்று ஒருவன் பயமுறுத்தினால் என்ன பதில் சொல்லுவார்?

உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13ல் பட்டப்பகலில் நடந்த சாதிக் கொலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதிப் பெருமைக்காரர்கள், "கோர்ட்டு எல்லோரையும் விட்டுவிட்டது" என்கிறார்கள். நம்மவரில் சிலர், "தூக்கு அப்படியே இருக்கின்றது" என்கிறார்கள். இரண்டும் தப்பு. 2017 டிசம்பர் 12ல் திருப்பூர் கோர்ட்டு ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூன் 22ல் ஹைக்கோர்ட்டு அவர்களில் பெண்ணின் தகப்பனை விடுதலை செய்து, மற்ற ஐவருக்கும் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. இதில் நமக்குச் சம்மதமில்லாமலிருக்கலாம். ஆனால் எதை ஆட்சேபிக்கின்றோம் என்பதையாவது படித்துவிட்டு ஆட்சேபிக்க வேண்டாமா? எதிரி சொல்லும் பொய்யை மறுக்கிறவன், தன் பக்கத்துப் பொய்யையும் சேர்த்துத்தான் மறுக்க வேண்டும். அதற்குத்தான் பகுத்தறிவு என்று பெயர்.

ஆகவே, தோழர்களே! ஒவ்வோர் ஊர்ச் சங்கத்திலும் எழுதப் படிக்கத் தெரிந்த இருவர் இந்த வேலையைப் பழகிக்கொள்ளுங்கள். நகல் மனு எழுதத் தெரிந்த ஒருவன், பத்துப் பிரசங்கிகளைவிட ஊருக்கு அதிக உபயோகமானவன். நாளைக்கு எவனாவது வந்து, "கோர்ட்டிலேயே தீர்ப்பாகியிருக்கிறது" என்று மீசையை முறுக்கினால், கோபப்பட வேண்டாம், கையை ஓங்கவும் வேண்டாம். "எந்தக் கோர்ட்டு? என்ன நம்பர்? எந்த வருஷம்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் வந்தால் நகலுக்கு மனுப் போடுங்கள். பதில் வராவிட்டால் வேலியைப் பிரிக்கத் தாசில்தாருக்கு மனுப் போடுங்கள்.